பாலர் பள்ளிக்கு முன் வளர்ச்சிச் சோதனை: தாராவியை முன்வைத்து ஓர் ஆய்வு

மேற்கு ரயில்வேயின் மாஹிம் நிலையத்துக்கும் மத்திய ரயில்வேயின் சயான் நிலையத்துக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் அமைந்துள்ளது தாராவி. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் நாட்டின் 33 வட்டாரங்களில் சோதனை முறையில் தொடங்கப்பெற்றது. அப்போது மகாராஷ்டிர மாநிலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்ப்புறப் பகுதி இதுவேயாகும். துணைச் சத்துணவு, தடுப்பூசி, உடல்நலச் சோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை, தாய்மார்களுக்கான ஆரோக்கியக் கல்வி, பள்ளி முன்பருவக் கல்வி என ஆறு பணிகள் அங்கன்வாடியிடம் ஒப்படைக்கப்பட்டன.

இவற்றுள் எடை பார்த்தல் நன்கு வேரூன்றியது. தராசும் அட்டவணையும் அதற்குப் போதுமானவை. ஆனால் குழந்தை பெருப்பது வேறு, அதன் திறன்கள் மலர்வது வேறு. தமிழில் இரண்டையும் ‘வளர்ச்சி’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதனால் இவ்வேறுபாடு எளிதில் மறைந்துவிடுகிறது. எடை குறையாத மூன்று வயதுக் குழந்தைக்குச் செவிப்புலன் பாதி குன்றியிருக்கலாம். கதவு அறைந்தால் அது திரும்பிப் பார்க்கும். மெல்லிய மெய்யொலிகள் மட்டுமே அதற்கு எட்டுவதில்லை. அமைதியான பிள்ளை என்று வீட்டார் மெச்சுவர். அதே பிள்ளை முதல் வகுப்பில் மந்தமானது எனப் பெயர் பெறும். இடைப்பட்ட ஆண்டுகளின் இழப்பைப் பின்னர் ஈடுசெய்வது கடினம்.

வளர்ச்சிச் சோதனை என்பது நோய் நிர்ணயமன்று. மேலும் ஆராயத்தக்க குழந்தைகளைப் பிரித்தறியும் முதல் சல்லடையே அது. நம் நாட்டிலேயே உருவான ஒரு கருவியை இங்கு எடுத்துக்காட்டலாம். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் குழுவினர் வகுத்து 1991-இல் வெளியிட்ட அட்டவணையில், இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு 17 செயல்கள் மட்டுமே உள்ளன. முகம் பார்த்துச் சிரித்தல், தலை நிற்றல், இரு சொற்கள் பேசுதல் போன்றவை அவை. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்புறம் முழுவதுமாக அமையும் செயல்களில் எதையேனும் குழந்தை செய்ய இயலாவிடில் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில நிமிடங்களில் முடியும் பணி. அங்கன்வாடி ஊழியர் பயிற்சி பெற்றுச் செய்யத்தக்கது. ஆறு வயது வரைக்குமான விரிவாக்கமும் பின்னர் வந்தது.

பொருளியல் மாணவர் இங்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம். டென்வர் சோதனையுடன் ஒப்பிட்டபோது, இவ்வட்டவணை வளர்ச்சி பின்தங்கியோரில் 66.8 சதவீதத்தினரைச் சரியாகக் கண்டது, பின்தங்காதோரில் 78.8 சதவீதத்தினரைச் சரியாக விடுவித்தது. 1,000 குழந்தைகளில் 100 பேர் பின்தங்கியவர் எனக் கொள்வோம். ஏறத்தாழ 67 பேர் அகப்படுவர், 33 பேர் நழுவுவர். எஞ்சிய 900 பேரில் சுமார் 191 பேர் வீணே ஐயத்துக்கு உள்ளாவர். ஆக, மேல்பரிசோதனைக்கு அனுப்பப்படும் 258 பேரில் நால்வருக்கு ஒருவரே உண்மையில் பின்தங்கியவர். இது கருவியைக் குறை கூறும் கணக்கன்று. எளிய சல்லடை எதற்கும் இவ்வியல்பு உண்டு. சல்லடைக்கு ஒதுக்கும் பணத்தைவிட, அதன் பின்னர் நிற்கும் மருத்துவருக்கும் பேச்சுப் பயிற்றுநருக்கும் ஒதுக்க வேண்டிய பணம் மிகுதி என்பதே இதன் பொருள். முதலாவதை மட்டும் செய்தால், 258 தாய்மார்களுக்குக் கவலையை விநியோகித்த பயனே மிஞ்சும்.

தாராவியில் மற்றுமொரு சிக்கல் உண்டு. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து குடியேறியோரின் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு வாழ்கின்றன. குழந்தை வீட்டில் தமிழும், சந்தில் இந்தியும், அங்கன்வாடியில் மராத்தியும் கேட்கிறது. மராத்தியில் வினவி, விடை வராததைக் கொண்டு பேச்சுத் தாமதம் என முடிவு செய்வது தவறாகும். எல்லா மொழிகளிலும் அறிந்த சொற்களைச் சேர்த்தே எண்ண வேண்டும். பன்மொழிச் சூழல் தன்னளவில் பேச்சைத் தாமதப்படுத்துவதில்லை. ஆயினும், ‘பல மொழி கேட்கிற பிள்ளை, தாமதமாகத்தான் பேசும்’ என்று சமாதானம் கூறி உண்மையான செவிக்குறையைக் கவனியாது விடுவது முன்னதைவிடப் பெரிய தவறு. அலி யாவர் ஜங் தேசிய செவிப்புலன் நிறுவனம் 1983 முதல் அண்மையிலுள்ள பாந்திராவிலேயே இயங்கி வருகிறது என்பது குறிப்பிடத்தக்கது. சயான் மாநகராட்சி மருத்துவமனையும் நடந்து செல்லும் தூரமே. எனவே தொலைவு இங்குத் தடையன்று, நேரமே தடை. புறநோயாளர் பிரிவு நடைபெறும் காலை வேளையில்தான் தாயின் கூலி வேலையும் நடைபெறுகிறது. இரண்டாம் வருகைக்குக் குழந்தை வராது போவதை ‘அறியாமை’ என்று கோப்பில் எழுதுவது எளிது.

2013 பிப்ரவரியில் தொடங்கிய தேசிய பால சுவஸ்த்ய காரியக்கிரமம் இத்துறையில் முக்கியமான முன்னேற்றம். பிறவிக் குறைகள், நோய்கள், சத்துக் குறைபாடுகள், வளர்ச்சித் தாமதங்கள் ஆகியவற்றை அது கருத்திற் கொள்கிறது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறை வர வேண்டும். ஐயத்துக்குரியோர் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுவர். 2023 நவம்பரில் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை வெளியிட்டது. அதன்படி, கண்டறிவதுடன் அக்குழந்தையை அங்கன்வாடியில் சேர்த்துக்கொள்வதும் ஊழியரின் கடமையாகிறது.

இவ்விரண்டாம் பகுதியே அலுவலர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. பாலர் பள்ளி வாயிலில் நடத்தப்படும் சோதனை, அனுமதித் தேர்வாக உருமாறும் அபாயம் எப்போதும் உண்டு. மூன்று வயதுக் குழந்தையை ‘இன்னும் தயாராகவில்லை’ என்று திருப்பி அனுப்பும் பள்ளி, அதற்கு மிகவும் தேவையான சூழலையே அதற்கு மறுக்கிறது. ஆதலின் சோதனையின் முடிவு பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் இடம்பெறலாகாது. தாயிடம் இருக்கும் தாய்–சேய் பாதுகாப்பு அட்டையில் பதிய வேண்டும். இதற்கு நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. மே மாதத்தில் பல குடும்பங்கள் சொந்த ஊருக்குச் சென்றுவிடுகின்றன. குழு வரும் நாளில் குழந்தை தாராவியில் இராது. பதிவேடு அங்கன்வாடி அலமாரியிலேயே தங்கிவிடும். அட்டை தாயுடன் ரயில் ஏறும். திருநெல்வேலியில் உள்ள கிராமச் செவிலியரும் அதைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடர இயலும்.