சிறு டிராக்டர் எஞ்சினுக்கு ஏற்ற எண்ணெயும் எரிபொருளும்

பழத்தோட்டங்களிலும் மலைச்சரிவுகளில் அமைந்த சிறு வயல்களிலும் தோட்ட டிராக்டர், பவர் டில்லர், களை எடுக்கும் கருவி ஆகியவை நம் நாட்டு விவசாயிகளுக்குப் பெருந்துணையாக விளங்குகின்றன. சிறு விவசாயியிடம் இருப்பது பெரும்பாலும் ஒரே எஞ்சின்தான். உழவுப் பருவத்தில் அது பத்து நாட்கள் நின்றுவிட்டால் விதைப்புக் காலம் தவறிவிடும். இவ்வாறு நேரும் பழுதுகள் பலவற்றிற்குக் காரணம், உரிய காலத்தில் மாற்றப்படாத எண்ணெயும் தொட்டியில் தேங்கிக் கெட்ட எரிபொருளுமே ஆகும்.

எஞ்சின் எண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு நில்லாமல், பிஸ்டனின் வெப்பத்தை ஏற்றுச் செல்கிறது. கரியையும் உலோகத் துகள்களையும் தன்னுள் தாங்கிக் கொள்கிறது. காற்றினால் குளிர்விக்கப்படும் சிறு பெட்ரோல் எஞ்சின் பலவற்றில் எண்ணெய் வடிகட்டி கிடையாது. எண்ணெயின் அளவும் அரை லிட்டரைச் சற்றே மிஞ்சும். ஆதலால் அழுக்கு முழுவதும் அச்சிறு அளவு எண்ணெயிலேயே தங்கிவிடுகிறது. புதிய எஞ்சினில் முதல் 20 மணி நேர ஓட்டத்திற்குப் பின்னரும், அதன்பின் 50 முதல் 100 மணி நேரத்திற்கு ஒரு முறையும் எண்ணெயை மாற்றுமாறு பல தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். எஞ்சின் சற்றுச் சூடாக இருக்கும்போதே பழைய எண்ணெயை வடித்தால் அழுக்கும் உடன் வெளியேறும்.

எண்ணெய் டப்பாவின் மேலுள்ள எஸ்.ஏ.இ. எண், அதன் குழகுழப்பைக் குறிப்பது. எண் உயர உயர எண்ணெய் கெட்டியாகும். ‘10டபிள்யூ-30’ என்பதில் முதற்பகுதி குளிரில் எண்ணெயின் தன்மையையும், பிற்பகுதி 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன் தன்மையையும் காட்டும். சமவெளியின் கோடைக்கு எஸ்.ஏ.இ. 30 போதுமானது, மலைப்பகுதிகளின் குளிர்காலத்திற்கு 10டபிள்யூ-30 ஏற்றது. டீசல் எஞ்சின்களுக்குப் பொதுவாக 15டபிள்யூ-40 போன்றவை குறிப்பிடப்படுகின்றன. எனினும், எஞ்சினுடன் வரும் கைநூலில் கூறப்பட்டதே இறுதியானது. இருவீச்சு எஞ்சினுக்குரிய எண்ணெய் வேறு வகை. பெட்ரோலும் எண்ணெயும் 50-க்கு 1 என்ற விகிதமாயின், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி லிட்டர் எண்ணெய் சேர்த்தல் வேண்டும்.

இனி எரிபொருளைக் காண்போம். 2025-ஆம் ஆண்டில் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஈரம் ஓர் அளவை மிஞ்சினால் நீரும் எத்தனாலும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். கார்புரேட்டருக்குச் செல்வதும் அவ்வடிப்பகுதியே. மேலும், பழைய எஞ்சின்களின் ரப்பர்க் குழாய்களையும் அடைப்புகளையும் எத்தனால் கெடுக்கக்கூடும். ஆகவே ஒரு மாதத்திற்கு மேல் எஞ்சினை நிறுத்தி வைப்பதாயின், தொட்டியைக் காலி செய்து, கார்புரேட்டரில் எஞ்சியுள்ள பெட்ரோல் தீரும் வரை ஓட்டி நிறுத்துவது நலம்.

டீசலில் கந்தகத்தின் அளவு 2020 ஏப்ரல் 1 முதல் பத்து லட்சத்தில் 10 பங்கு என்னும் அளவிற்குக் குறைக்கப்பட்டது. கந்தகத்தை நீக்கும் முறையில் டீசலின் இயல்பான உயவுத் தன்மையும் குறைவதால், அதனை ஈடுசெய்யும் பொருள்கள் விற்பனைக்கு முன்பே சேர்க்கப்படுகின்றன. இத்தகைய டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது உயவுத் தன்மையைக் குறைத்து, எரிபொருள் பம்பையும் தெளிப்பானையும் தேய்த்துவிடும்.

கடைகளில் விற்கப்படும் சேர்க்கைப் பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். தரமான எண்ணெயிலேயே அழுக்கை நீக்கும் பொருள்களும், தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மங்களும் அளவோடு கலக்கப்பட்டுள்ளன. அதன்மேல் வேறொன்றை ஊற்றினால் அச்சமநிலை குலையக்கூடும். பெட்ரோல் கெடாமல் காக்கும் பொருள் அது பழுதடைவதைத் தாமதப்படுத்தும். கெட்டுவிட்ட பெட்ரோலை மீட்காது, பிரிந்த நீரையும் அகற்றாது.

ஆகவே, சேர்க்கைப் பொருளுக்குச் செலவிடும் பணத்தைக் குறித்த காலத்தில் எண்ணெய் மாற்றுவதற்குச் செலவிடுதல் சிறந்தது. எஞ்சின் ஓடிய மணி நேரத்தை ஒரு சிறு ஏட்டில் குறித்து வருதல், தேவைக்கேற்ற பெட்ரோலையே வாங்குதல், வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ நிலத்திலோ கொட்டாமல் சேர்த்து வைத்து, அதனைப் பெற்றுக்கொள்ளும் நிலையத்தில் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் பழகிவிட்டால், உழவுப் பருவத்தில் எஞ்சின் கைகொடுக்கும்.