தளர்நடை

மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரை மணலில் ஆண்டுதோறும் கடலாமைகள் வந்து முட்டையிடுகின்றன. முட்டையினின்று வெளிவந்த குஞ்சு, தாயின் துணையின்றித் தானே ஊர்ந்து கடலை அடைகிறது. பிறந்த கன்றும் சிறிது பொழுதிற்குள் எழுந்து நின்று தாயின் மடியை நாடுகிறது. மனிதக் குழந்தையோ தன் தலையை நிமிர்த்துவதற்கே பல வாரங்கள் ஆகின்றன. தனித்து அடியெடுத்து வைக்க ஏறக்குறைய ஓர் ஆண்டு செல்கிறது. இந்த நெடுங்காலம் மனிதப் பிறவியின் குறையோ எனச் சிலர் எண்ணலாம். அஃது அவ்வாறன்று. அது கற்கும் காலம். குழந்தை அக்காலத்தில் எங்ஙனம் கற்கிறது என்பதை நாம் இங்குக் காண்போம்.

குழந்தையின் அசைவுகளைத் தமிழர் நெடுங்காலமாகவே ஊன்றி நோக்கி வந்தனர். பெரியாழ்வார் கண்ணனின் தளர்நடையைப் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழை இயற்றினார். பிள்ளைத்தமிழில் வரும் பத்துப் பருவங்களுள் மூன்றை மட்டும் ஈண்டு நோக்குவோம். செங்கீரைப் பருவத்தில் குழந்தை கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி அசைந்தாடுகிறது. சப்பாணிப் பருவத்தில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுகிறது. வருகைப் பருவத்தில் தளர்நடை நடந்து வருகிறது. இவ்வரிசையில் ஒரு நுட்பம் உண்டு. முன்பு நிலத்தில் ஊன்றியிருந்த கைகள் விடுதலை பெற்றாலன்றிக் கைகொட்டுதல் இயலாது. ஆகவே, சப்பாணி கொட்டும் குழந்தை பிறர் பிடிக்காமல் உட்காரக் கற்றுவிட்டது என்பது விளங்கும். ஒரு திறமையின் மேல் மற்றொரு திறமை எழுகிறது.

இவ்வரிசை எதனால் அமைகிறது? அமெரிக்க நாட்டு அறிஞர் ஆர்னால்டு கெசல், வளர்ச்சியே இதற்குக் காரணம் என்று கருதினார். அவரும் அவருடன் பணியாற்றிய தாம்சனும் 1929இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பெரும் புகழ் பெற்றது. இரட்டைப் பெண் குழந்தைகளுள் ஒருத்திக்கு 46ஆம் வாரம் முதல் ஆறு வாரங்கள் படியேறும் பயிற்சி தரப்பட்டது. மற்றவளுக்கு 53ஆம் வாரத்திற்குப் பின்னரே, அதுவும் இரண்டு வாரங்களே, பயிற்சி தரப்பட்டது. ஆயினும், பிந்தியவள் முந்தியவளை ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டாள். உடல் பக்குவமடையுமுன் அளிக்கும் பயிற்சியால் பெரும்பயன் இல்லை என்று இதிலிருந்து பலரும் முடிவு செய்தனர்.

எனினும், அம்முடிவு முழு உண்மையாகவில்லை. பிறந்த சில நாட்களே ஆன குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் பாதம் தரையில் படுமாறு செய்தால், அது நடப்பதுபோல் கால்களை மாற்றி மாற்றி எடுத்து வைக்கும். ஏறக்குறைய இரண்டு திங்களில் இச்செயல் மறைந்துவிடும். மூளையின் வளர்ச்சியால் அது மறைகிறது என்றே முன்பு எண்ணினர். எஸ்தர் தெலன் என்னும் அம்மையார் 1984இல் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வு அக்கருத்தை மாற்றியது. குழந்தைகளை மார்பளவு நீரில் நிறுத்திப் பிடித்தபோது, அவை கால்களை மிகுதியாக எடுத்து வைத்தன! நிற்க. கால்களில் சிறு எடைகளைக் கட்டியபோது அவ்வசைவு குறைந்தது. கடலில் இறங்கியோர் இதன் காரணத்தை எளிதில் உணர்வர். நீர் உடலின் பாரத்தைத் தாங்குகிறது. குழந்தையின் கால்கள் கொழுத்துக் கனக்கும் விரைவுக்கு ஏற்பத் தசையின் வலிமை பெருகவில்லை. அதனாலேயே அச்செயல் மறைந்தது. எனவே, மூளை மட்டுமன்றி உடலின் எடையும், தசையின் வலிவும், ஊன்றும் நிலமும் கூடியே அசைவைத் தோற்றுவிக்கின்றன என்பது புலனாயிற்று.

இனி, பழக்கத்தின் பங்கைக் காண்போம். நியூயார்க்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கேரன் அடால்ஃப், 12 முதல் 19 திங்கள் வரையிலான குழந்தைகள் விளையாடுவதைத் தம் குழுவினருடன் எண்ணிப் பார்த்து 2012இல் வெளியிட்டார். அவை சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 அடிகள் எடுத்து வைத்தன. 17 முறை விழுந்தன! விழுந்ததற்காக நடையைக் கைவிட்ட குழந்தை உண்டோ? எழுவதும் விழுவதும் மீண்டும் எழுவதுமே அதன் பாடம்.

மாமல்லபுரத்தில் ‘வெண்ணெய் உருண்டை’ என வழங்கும் பெரும்பாறை நிற்கும் சரிவில் சிறுவர் சறுக்கி விளையாடுவதைப் பலர் கண்டிருப்பர். எந்தச் சரிவில் இறங்கலாம், எதில் இறங்கலாகாது என்னும் அறிவும் கற்று வருவதே. தவழும் குழந்தை பல வாரப் பழக்கத்தால் சரிவின் தன்மையை அறிகிறது. ஆயின், அதே குழந்தை நடக்கத் தொடங்கியதும், தவழ்ந்தபோது அஞ்சி விலகிய சரிவிலும் துணிந்து கால் வைத்து விழப்போகிறது என்று அடால்ஃப் கண்டார். புதிய நடைக்குப் புதிய அறிவு வேண்டும். ஆகையால் புதிதாக நடக்கும் தம்பி தங்கையரைப் படிக்கட்டு, கிணறு, அலைவாய்க்கரை ஆகியவற்றின் அருகே விழிப்புடன் காத்தல் வேண்டும்.

அண்டை வீட்டுக் குழந்தை நடந்துவிட்டதே, நம் குழந்தை நடக்கவில்லையே என்று வருந்தும் பெற்றோர் பலர். உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, எட்டுத் திங்கள் கடந்தபின் தனித்து நடந்த குழந்தைகளும் உண்டு. பதினேழு திங்கள் கடந்து நடந்த குழந்தைகளும் உண்டு. சில குழந்தைகள் முழந்தாளிட்டுத் தவழாமலே நடந்துவிட்டன. இவ்வெல்லையையும் கடந்து தாமதித்தால் மருத்துவரை நாடுதல் அறிவுடைமை. அதற்குள் ஒப்பிட்டு வருந்துதல் வீண்.

விரைந்து நடக்கட்டும் என்று குழந்தையைச் சக்கரம் பூட்டிய இருக்கையில் அமர்த்துவதும் நன்றன்று. அது விரைந்து உருண்டு படியில் கவிழ்ந்து தீங்கு விளைப்பதால், கனடா நாடு 2004இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. நம் தச்சர் செய்து தந்த மூன்று சக்கர நடைவண்டியோ வேறு வகையினது. அதில் குழந்தை அமர்வதில்லை; தன் காலில் தானே நின்று தள்ளிச் செல்கிறது.

நடை வந்தவுடன் கல்வி முடிந்துவிடுவதில்லை. ஒற்றைக் காலில் தாவுதல், எறிதல், பிடித்தல் முதலியன வயது ஏறுவதால் மட்டும் வந்து சேர்வன அல்ல. பாண்டியும் கிட்டிப்புள்ளும் பம்பரமும் அவற்றைக் கற்பித்த ஆசிரியர்கள். கோவளத்து மீனவச் சிறுவர் பலகையின் மேல் நின்று அலையில் சறுக்கும் திறமும் பலமுறை நீரில் விழுந்து பெற்றதே. ஆனால், செங்கல்பட்டு வட்டாரத்தில் வயல்களும் வெளிகளும் மனைகளாக மாறி வருகின்றன. அடுக்குமாடி வீட்டுச் சிறுவன் கைப்பேசியின் முன் அசையாது அமர்ந்திருக்கிறான். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமேனும் உடலசைத்து ஆடவேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. ஆட இடமில்லாத குழந்தைக்கு அவ்வறிவுரையால் என்ன பயன்?

மாணவர்களே! குழந்தையை இழுத்து நடத்த வேண்டா. தூக்கியே வைத்திருக்கவும் வேண்டா. ஆடுவதற்கு இடமும், விழுந்தால் தாங்கும் மண்ணும், எழும்போது முகமலர்ந்து நோக்கும் ஒருவரும் அதற்குப் போதும். உங்கள் தெருவில் எஞ்சியுள்ள சிறு வெளியைத் தூய்மையாக வைத்து, சிறியோருக்கும் அதில் இடங்கொடுங்கள். பாண்டிக் கட்டத்தைக் கீறிக் கொடுத்து, அவர்களுடன் நீங்களும் ஆடுங்கள்.