தள்ளிவைக்கலாம் என்றால் தேவையில்லை என்று அர்த்தமா?



2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா பரவியபோது, அவசரமற்ற ஆபரேஷன்களைத் தள்ளிவைக்கும்படி இந்திய அரசு மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டது. “தியேட்டரும் இருக்கிறது, டாக்டரும் இருக்கிறார், செய்தால் என்ன?” என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இம்முறை அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஆபரேஷன் தியேட்டரோடு முடிந்துவிடுவதில்லை. படுக்கை வேண்டும், ரத்தம் வேண்டும், சிலருக்கு வென்டிலேட்டரும் வேண்டும். மூச்சுத் திணறி வருகிறவர்களுக்கும் அதே படுக்கை, அதே வென்டிலேட்டர்தான். நோயாளிக்கும் ஆபத்து இருந்தது. ஆபரேஷனை ஒட்டிய நாட்களில் கொரோனா தொற்றிய 1,128 பேரை 24 நாடுகளில் ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர் 30 நாட்களுக்குள் மரித்திருந்தார். (அவர்களில் பெரும்பாலோர் அவசர ஆபரேஷனுக்கு வந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

அப்படியானால் யாரை முதலில் எடுப்பது? குடல்வால் வெடித்தவரையும், பிரசவம் சிக்கலாகிப்போன தாயையும் பற்றி விவாதமே இல்லை. நடுவில் நிற்கிறவர்கள் விஷயம்தான் கடினம். சிகாகோ பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020-இல் இதற்கு ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள். மொத்தம் 21 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆபரேஷன் எவ்வளவு நேரம் எடுக்கும், ரத்தம் எவ்வளவு போகும், நோயாளியின் வயது என்ன, நுரையீரலும் இருதயமும் எப்படி, சர்க்கரை உண்டா என்று கேட்டுக்கொண்டே போகும். கூட்டுத்தொகை குறைந்தவருக்கு முதலிடம்.

அந்தக் கேள்விகளில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: இரண்டு வாரம் தாமதித்தால் என்ன ஆகும், ஆறு வாரம் தாமதித்தால் என்ன ஆகும்? நோயின் பெயரை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கையால் அழுத்தினால் உள்ளே போய்விடும் குடலிறக்கம் காத்திருக்கும். அதுவே சிக்கிக்கொண்டு, வலியும் வாந்தியும் வந்துவிட்டால் அன்றைக்கே கத்தியை எடுக்க வேண்டும். மார்பகப் புற்றுநோயில் சிலருக்கு முதலில் ஹார்மோன் மாத்திரை கொடுத்துச் சில மாதங்கள் சமாளிக்கலாம். எல்லாருக்கும் அது பொருந்தாது. ஆகவே ஒருமுறை எழுதிய பட்டியலை அப்படியே சுவரில் ஒட்டி வைத்துவிட முடியாது. காத்திருப்பவரை அடிக்கடி விசாரிக்க வேண்டும். அந்த முடிவையும் ஒரே டாக்டரின் தலையில் சுமத்தாமல், சிலர் கூடிப் பேசி எடுப்பதே நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 21 கேள்விகளில் கூலியைப் பற்றிய கேள்வி கிடையாது. மூட்டை தூக்கிப் பிழைக்கிறவருக்குக் குடலிறக்கம் என்றால், உயிருக்கு ஆபத்தில்லை என்று அவர் பின்னுக்குப் போய்விடுவார். ஆனால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. முதல் அலை உச்சத்திலிருந்த 12 வாரங்களில் மட்டும் உலகெங்கும் சுமார் 2 கோடியே 84 லட்சம் ஆபரேஷன்கள் தள்ளிப்போகும் என்று மதிப்பிட்டார்கள். தியேட்டர் மறுபடி திறக்கும் நாளில், யார் எத்தனை நாள் வேலையில்லாமல் இருந்தார் என்பதும் நோயாளியின் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.