என்ஸைமும் மரபணுவும்: நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்



மரபணுப் பொறியியல் என்றவுடன், "தேவனுடைய வேலையில் மனிதன் கை வைக்கலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். இப்படிப் பொதுவாகக் கேட்டால் விடை காண்பது கடினம். ஒரு நோயையும் அதற்குரிய மருந்தையும் எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

உயிரணுக்களில் சேரும் கழிவுகளை உடைப்பவை என்ஸைம்கள். கௌச்சர் என்னும் அரிய பரம்பரை நோயில், ஒருவகைக் கொழுப்பை உடைக்கும் என்ஸைம் குறைவுபடுகிறது. அந்தக் கொழுப்பு மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் தேங்குகிறது. வயிறு பெருக்கிறது, இரத்தசோகை உண்டாகிறது, எலும்புகள் நோகின்றன, முறிகின்றன. குறைவுபட்ட என்ஸைமை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும் இரத்தக்குழாய் வழியே ஏற்றுவது இதற்கு ஒரு முக்கிய சிகிச்சை.

1. மருந்து எங்கிருந்து வருகிறது?

1991-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து, பிரசவத்துக்குப் பின் கிடைக்கும் நஞ்சுக்கொடிகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஒரு நோயாளியின் ஓராண்டுத் தேவைக்கே ஆயிரக்கணக்கான நஞ்சுக்கொடிகள் வேண்டும். தாய்மாரின் சம்மதம் என்ன, தொற்று பரவாதா என்பவை நியாயமான கேள்விகள். 1994-இல், மனித மரபணுவைச் சீன வெள்ளெலியின் உயிரணுக்களில் புகுத்தித் தயாரித்த மருந்து வந்தது. நஞ்சுக்கொடியின் தேவை நீங்கியது. ஆகவே மரபணுப் பொறியியல் இங்கே ஒரு நெறிமுறைச் சிக்கலைத் தீர்த்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 2009-இல் அம்மருந்தின் ஆலையில் வைரஸ் புகுந்து உற்பத்தி நின்றபோது, பல நாடுகளில் நோயாளிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது.

2. யாருக்குக் கிடைக்கிறது?

இது உலகின் மிக விலையுயர்ந்த மருந்துகளில் ஒன்று. உடல் எடைக்கேற்ப அளவு கூடுவதால், பிள்ளை வளர வளரச் செலவும் வளர்கிறது. டெல்லியில் ரிக்‌ஷா ஓட்டும் ஒருவரின் மகனுக்கு இந்நோய். 2014-இல் டெல்லி உயர்நீதிமன்றம், பணமில்லை என்று கூறி அரசு சிகிச்சையை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 2022-இல் மத்திய அரசு அரிய நோய்களுக்கான உதவியை 50 லட்சம் ரூபாய் வரை உயர்த்தியது. ஆனால் வாழ்நாள் நோய்க்கு எல்லையுள்ள தொகை எத்தனை ஆண்டு தாங்கும்?

"அந்தப் பணத்தில் நூறு பிள்ளைகளைக் காப்பாற்றலாமே" என்பது கொடுக்கும் மனமுள்ளவர்களே கேட்கும் கேள்வி. அது தவறான கேள்வியல்ல. ஆனால் அந்த ஒரு பிள்ளையைக் கைவிடுவதற்கு அது சாக்காகிவிடக்கூடாது. விலை ஏன் இவ்வளவு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் முதல் தொகையைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. மேற்கொண்டு ஆகும் செலவுக்கும் பொறுப்பேற்றான் (லூக்கா 10:35).

3. எதுவரை போகலாம்?

காஸ்9 என்ற என்ஸைம் மரபணுவையே கத்தரிபோல வெட்டுகிறது. 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த அரிவாள் செல் சிகிச்சையில், நோயாளியின் இரத்த மூல உயிரணுக்களை வெளியே எடுத்து, திருத்தி, அவருக்கே திரும்பச் செலுத்துகிறார்கள். சம்மதிப்பவர் அவர்; மாற்றமும் அவரோடு முடிகிறது.

2018-இல் சீன விஞ்ஞானி ஹெ ஜியான்குய் கருமுட்டை நிலையிலேயே திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். எய்ட்ஸ் கிருமி தொற்றாமலிருக்கவே செய்ததாகக் கூறினார். அதைத் தடுக்க வேறு வழிகள் ஏற்கெனவே இருந்தன. அந்த மாற்றமோ அவர்களுடைய பிள்ளைகளுக்கும் போகக்கூடியது. அவர்களிடம் யார் சம்மதம் கேட்டது? 2019-இல் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. இந்திய வழிகாட்டு நெறிகளும் இத்தகைய பரம்பரைத் திருத்தத்தைத் தடைசெய்கின்றன.

ஏதேன் தோட்டத்தில் மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு இரண்டு: பண்படுத்துவது, காப்பது (ஆதியாகமம் 2:15). குணமாக்கும் அறிவு பண்படுத்துதலில் சேரும். எளியவருக்கும் அது எட்டும்படி பார்ப்பதும், பிறவாதவர்மேல் கை வைக்காதிருப்பதும் காத்தலில் சேரும்.

சிந்திக்க:

அ) விலையுயர்ந்த சிகிச்சைக்குக் கொடுப்பதையும் பலருக்கான எளிய சிகிச்சைக்குக் கொடுப்பதையும் எப்படிச் சமன்செய்வது?

ஆ) தன் உடலுக்காக ஒருவர் எடுக்கும் முடிவும் சந்ததிக்காக எடுக்கும் முடிவும் எங்கே வேறுபடுகின்றன?