மறதி நோயாளி எழுதிய செட்டில்மெண்ட் செல்லுமா?

கேள்வி: மறதி நோய்க்கு மருந்து சாப்பிட்டுவந்த 79 வயதுத் தந்தை, வீட்டை இளைய மகனுக்குத் தான செட்டில்மெண்டாகப் பதிவு செய்துவிட்டார். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மூத்த மகன் பங்கு கேட்க முடியுமா?

பதில்: சொத்தை எழுதிக் கொடுக்கும் தகுதி, ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவருக்கே உண்டு என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. அந்தத் தகுதியை 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் வரையறுக்கிறது. இதன் 12ஆம் பிரிவு முதுமையையோ நோயின் பெயரையோ பார்ப்பதில்லை. கையெழுத்திட்ட வேளையில், செய்வது இன்னதென்று புரிந்து, அதனால் தனக்கு வரும் நன்மை தீமையைச் சீர்தூக்கும் நிலையில் இருந்தாரா என்பதே வழக்கைத் தீர்மானிக்கும். பெரும்பாலும் மனத்தெளிவில்லாதவரும் தெளிந்திருக்கும் நேரத்தில் எழுதினால் அது செல்லும். ஆகவே, மருந்துச் சீட்டை மட்டும் வைத்து வழக்கை வெல்ல முடியாது.

தகுதி எல்லாச் செயலுக்கும் ஒரே அளவில் பார்க்கப்படுவதில்லை. கேள்வியைப் புரிந்து அறிவுக்கேற்ற பதில் சொல்லக்கூடிய சிறுவனும் நீதிமன்றத்தில் சாட்சியாகலாம்; ஆனால் அவன் எழுதும் ஒப்பந்தம் செல்லாது. 1903இல் பிரிவி கவுன்சில் மோஹரி பீபி வழக்கில் தந்த தீர்ப்பு அதை உறுதிசெய்தது. உயில் என்றால், எழுதியவர் தெளிவாக இருந்தார் என்பதை உயிலை முன்வைப்பவர் நிரூபிக்க வேண்டும். செட்டில்மெண்டில் அந்தச் சுமை, தெளிவில்லை என்று சொல்பவர் தலையில் விழுகிறது. மூத்த மகனுக்கு இதுதான் பெரிய இடைஞ்சல். முதுமையாலோ நோயாலோ மனம் தளர்ந்தவரை வசப்படுத்தி எழுதி வாங்கினார்கள் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்கீழ் வாதாடும் வழியும் உண்டு.

ஆனால் நான்கு ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்கு, அதற்கான விவரம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளே அவகாசம் தருகிறது 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 59ஆம் இனம். பத்திரம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று நிலைநாட்ட முடிந்தால் கணக்கு மாறலாம். அதை நம்பிச் சும்மா இருந்தது பெரிய தவறு. பத்திர நகலும் அனுப்பப்படவில்லை. பதிவான தேதி, பத்திரத்தின் இரு சாட்சிகள், வீடு பூர்வீகமா சுயசம்பாத்தியமா என எதுவும் கேள்வியில் இல்லை. பத்திரம் இருப்பது எப்போது தெரிந்தது என்பதைக்கூடச் சொல்லாமல் கேட்டால் எந்த வழக்கறிஞராலும் உறுதியான பதில் தர முடியாது. டாக்டரும் சாட்சிகளும் உயிரோடு இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

சான்றிட்ட பத்திர நகல், வில்லங்கச் சான்று, பதிவு நாளை ஒட்டிய மருத்துவமனைக் குறிப்புகள் ஆகியவற்றைத் திரட்டி, வீடு இருக்கும் ஊரின் சிவில் வழக்கறிஞரை இந்த வாரமே நேரில் சந்தியுங்கள். அவர் பத்திரத்தைப் படித்துப் பார்க்கும்வரை யாருக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டாம். எந்தச் சமரசத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம்.