மூன்று சக்கரச் சுமை வண்டிக்கு ஏற்ற மோட்டார் ஸைக்கிள் எஞ்சின்

விளைந்த பண்டத்தை வயலிலிருந்து களத்திற்கும், களத்திலிருந்து சந்தைக்கும் கொண்டு சேர்ப்பது விவசாயத்தில் ஒரு பெருஞ் செலவாகும். மாட்டு வண்டிகள் அருகிவிட்ட கிராமங்களில், பத்துக் கூடைத் தக்காளிக்காகவோ நாலு மூட்டைக் கடலைக்காகவோ ஒரு லாரியை வாடகைக்கு அமர்த்துதல் கட்டுப்படியாவதில்லை. இது பற்றியே, பழைய மோட்டார் ஸைக்கிள் ஒன்றை வாங்கி, அதன் பின்சக்கரத்தைக் களைந்து, இரண்டு சக்கரமும் ஒரு பெட்டியும் பூட்டி, உள்ளூர்ப் பட்டறையிலேயே மூன்று சக்கர வண்டி செய்துகொள்ளும் எண்ணம் குடியானவர்களுக்கு உண்டாகிறது. எண்ணம் தவறன்று. ஆனால் எஞ்சினைத் தெரிந்தெடுக்கும்பொழுது, “இது எவ்வளவு வேகம் போகும்?” என்பதே பெரும்பாலும் முதற் கேள்வியாக இருக்கிறது. கேட்கவேண்டிய கேள்வி அதுவன்று. மெதுவாகப் போகும்பொழுது அது எவ்வளவு இழுக்கும் என்பதும், அப்படி இழுக்கையில் அதன் சூடு எவ்வாறு தணியும் என்பதுமே விசாரிக்கத் தக்கவை.

இவ்வகை வண்டிகள் வட நாட்டில் நெடுங்காலம் ஓடியிருக்கின்றன. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் சேனையார் விற்றுவிட்ட ஹார்லி டேவிட்ஸன் மோட்டார் ஸைக்கிள்களைக் கொண்டு டில்லியில் ‘பட்பட்டி’ என்னும் ஆளேற்று வண்டிகள் செய்யப்பட்டன. 1990களின் இறுதி வரையில் அவை அந்நகரத் தெருக்களில் இருந்தன. குஜராத்தின் ஸௌராஷ்டிரப் பகுதியில் ‘சக்டா’ என்று வழங்கும் வண்டி இன்னும் பிரசித்தமானது. புல்லட் மோட்டார் ஸைக்கிளின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் இரு சக்கரமும் திறந்த பெட்டியும் அமைத்து அதனைச் செய்தனர். பிற்காலத்தில் ஒற்றை உருளை டீசல் எஞ்சின்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. அதே பகுதியில் அம்ரேலி ஜில்லாவைச் சேர்ந்த மன்ஸுக்பாய் ஜகானி என்பவர் 1994-ஆம் வருஷத்தில் புல்லட்டின் பின்சக்கரத்தைக் கழற்றி, இரு சக்கரங்களும் உழுகருவிகள் மாட்டும் சட்டமும் பூட்டி, ‘புல்லட் ஸாந்தி’ என்னும் கருவியைச் செய்தார். அதில் களையெடுத்தலும் விதைத்தலும் நடைபெற்றன. டில்லி வண்டியின் எஞ்சினும் ஸௌராஷ்டிர வண்டியின் எஞ்சினும் மெல்லச் சுழன்று நன்றாய் இழுக்கும் இயல்புடையவை என்பது கவனிக்கத் தக்கது. ஓட்டப் பந்தயத்திற்குரிய எஞ்சினை ஒருவரும் இவ்வேலைக்குத் தேடவில்லை.

செலவு செய்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. இதனைக் கிராம அதிகாரிகள் குடிகளுக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்லுதல் நலம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, பதிவு செய்யப்படாத மோட்டார் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டலாகாது. 52-ஆம் பிரிவு, பதிவான வண்டியை உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. ‘ஜுகாட்’ எனப்படும் வீட்டு வண்டிகளும் இச்சட்டத்திற்கு உட்பட்ட மோட்டார் வண்டிகளே என்று சுப்ரீம் கோர்ட்டு 2013-இல் கூறிவிட்டது. கிராமச் சாலையும் பொது இடமே. பதிவில்லாத வண்டிக்கு முறையான இன்ஷூரன்ஸும் கிடையாது. ஒருவருக்குக் காயம் நேர்ந்தால் நஷ்டஈடு முழுவதும் உடையவர் தலைமேல் விழும். நிலத்தை விற்றும் தீராத கடனாகக்கூடும். ஆகையால் இங்குச் சொல்லப்படுவது, சொந்த நிலத்திற்குள் எருவும் நாற்றும் விளைபொருளும் சுமக்கும் வண்டியைப் பற்றியதே. சந்தை வரையில் போகவேண்டியவர்கள் பதிவு பெற்ற சுமை ஆட்டோ ஒன்றைப் பழையதாக வாங்குவதே சிலாக்கியம்.

இனி இழுவையின் கணக்கு. வண்டியின் சொந்த எடை 350 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ, சுமை 375 கிலோ, ஆக 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நல்ல தார்ச் சாலையில் இதனை நகர்த்த, மொத்த எடையில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 16 கிலோ இழுவை போதும். கப்பியின்மேல் கயிற்றைப் போட்டு 16 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கயிற்றின் மறுமுனை எவ்வளவு வலிமையாக இழுக்குமோ, அவ்வளவு என்று கொள்க. இறுகிய மண் பாதையில் இருபதில் ஒரு பங்கு, 40 கிலோ வேண்டும். நெகிழ்ந்த மண்ணில் 80 கிலோவுக்கும் மேற்படும். பத்தடிக்கு ஓரடி உயரும் வாய்க்காற் கரையில் ஏறுவதானால், ஏற்றத்திற்கென்று மட்டும் 80 கிலோ தனியே சேரும். மண் பாதையும் ஏற்றமும் கூடினால் 120 கிலோ.

மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் இந்த 120 கிலோவை இழுக்க, சக்கரத்தில் நாலரைக் குதிரைச் சக்தி வேண்டும். சங்கிலியும் பல்சக்கரங்களும் தின்பதையும் சேர்த்தால் எஞ்சினில் ஐந்துக்குச் சற்று அதிகம். இக்காலத்து 100 சி.சி. மோட்டார் ஸைக்கிள் 8 குதிரைச் சக்தி தருகிறதே, தாராளமாய்ப் போதுமே என்று தோன்றும். பட்டறைக்காரர்களும் அவ்வாறே சொல்வார்கள். ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

அந்த 8 குதிரைச் சக்தி, எஞ்சின் நிமிடத்திற்கு 8000 சுற்றுச் சுழலும்பொழுது கிடைப்பது. சக்கரத்தைத் திருப்புவது முறுக்கு விசை. 100 சி.சி. எஞ்சினில் அது 6000 சுற்றில் ஏறக்குறைய 8 நியூட்டன் மீட்டர். அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 800 கிராம் எடையைத் தொங்கவிட்டாற் போன்றது. முதற் கியரில் எஞ்சின் சுமார் 30 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். ஆகவே முறுக்கு விசை 30 மடங்காகிறது. தேய்மானம் போக, அரைக்குறுக்களவு 30 சென்டிமீட்டர் உள்ள சக்கரத்தின் விளிம்பில் சுமார் 68 கிலோ இழுவை எஞ்சும். தார்ச் சாலைக்கு வேண்டிய 16 கிலோவைப் போல் இது நான்கு மடங்கு; ஆகையால் பட்டறை வாசலில் வண்டி துள்ளிக்கொண்டு ஓடும். வாய்க்காற் கரைக்கு வேண்டுவதோ 120 கிலோ. அங்கே ஓட்டுபவர் எஞ்சினை அலற வைத்துக் கிளச்சைப் பாதி பிடித்தபடியே ஏற்றப் பார்ப்பார். அரை மணியில் கிளச்சுத் தகடுகள் கருகிவிடும்.

பரிகாரம் பெரிய எஞ்சின் ஒன்றே அன்று. கியர்ப் பெட்டிக்கும் பின் அச்சுக்கும் நடுவில் ஓர் இடைத்தண்டு அமைத்து, சிறு பல்சக்கரத்திலிருந்து அதைப்போல் இரு மடங்கு பற்களுள்ள சக்கரத்திற்குச் சங்கிலி மாற்றினால், அதே 100 சி.சி. எஞ்சின் 136 கிலோ இழுக்கும். முதற் கியரில் 6000 சுற்றில் வேகம் மணிக்கு 11 கிலோமீட்டராகும். மேற் கியரில் 30-க்குச் சற்று மேல் போகும். நிலத்திற்குள் ஓடும் வண்டிக்கு இதற்கு மேற்பட்ட வேகம் எதற்கு? சக்கரத்தைச் சிறிதாக்கினாலும் இழுவை கூடும். ஆட்டோ ரிக்ஷாவின் எட்டங்குலச் சக்கரம் 30 சென்டிமீட்டருக்குப் பதில் 20 சென்டிமீட்டர் அளவே அரைக்குறுக்களவு உடையதாதலால், இழுவை ஒன்றரை மடங்காகிறது. ஆயினும் சிறு சக்கரம் வண்டித் தடத்திலும் வரப்பு வெட்டிலும் இறங்கிக்கொள்ளும். கரிசல் நிலத்தில் மழைக்குப்பின் அதனை நம்ப முடியாது.

புல்லட்டின் கணக்கு வேறு. அதன் 346 சி.சி. எஞ்சினில் உருளையின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். இவ்வாறு நீள ஓட்டமும் கனத்த பிளைவீலும் உள்ள எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே பலம் காட்டும். பிற்காலத்து அமைப்பில் 4000 சுற்றில் 28 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. முதற் கியரில் அதன் மொத்த விகிதம் 15 அளவேயானாலும், எவ்வித மாற்றமுமின்றி 112 கிலோ இழுக்கும். சங்கிலி விகிதத்தை ஒன்றரை மடங்காக்கினால் 168 கிலோ. அதுவும் மணிக்கு 21 கிலோமீட்டர் வேகத்தில். சென்னையை அடுத்த திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வந்த இவ்வகை வண்டியை ஸௌராஷ்டிரத்தார் சுமை வண்டிக்கு விரும்பியதன் காரணம் இதனால் விளங்கும். விலையும் பெட்ரோல் செலவும் அதிகம் என்பது மறுபக்கம். சுமை 200 கிலோவுக்கு உட்பட்டதாயும் நிலம் சமனாயும் இருந்தால், இடைத்தண்டு பூட்டிய 100 அல்லது 125 சி.சி. எஞ்சினே போதும். அதற்கு மேற்பட்ட சுமையை நாள்தோறும் ஏற்றுபவர்கள் சிறிய எஞ்சினை வாங்கி அதனை வதைக்க வேண்டுவதில்லை.

ஆர்.எக்ஸ். 100 என்னும் வண்டியின்மீது இளைஞர்களுக்கு இன்றும் மோகம் தணியவில்லை. 1985 முதல் 1996 வரை செய்யப்பட்ட அந்த இரு வீச்சு எஞ்சின் 98 சி.சி. அளவிலேயே 11 குதிரைச் சக்தி தந்தது உண்மையே. ஆனால் அது 7500 சுற்றில் கிடைப்பது. சுழற்சி தாழ்ந்தால் இழுவை சட்டென விழும். பெட்ரோலோடு எண்ணெயும் எரிக்க வேண்டும். பழைய வண்டிகளின் விலையும் இப்பொழுது மிக ஏறியிருக்கிறது. ஆசையுள்ளவர் அதனை மோட்டார் ஸைக்கிளாகவே ஓட்டுவது உத்தமம்.

சூட்டின் விஷயம் இழுவையைவிட முக்கியமானது. மோட்டார் ஸைக்கிள் எஞ்சினில் தண்ணீர்த் தொட்டி இல்லை. உருளையைச் சுற்றியுள்ள தகடுகளின்மேல் எதிர்க்காற்று படுவதாலேயே அது குளிர்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடும்பொழுது அக்காற்றுக்குக் குறைவில்லை. சுமையேற்றி 10 கிலோமீட்டரில் ஊர்ந்தால் எஞ்சினுக்கு வேலை அதிகம், காற்றோ மிகக் குறைவு. சித்திரை வைகாசி வெயிலில் சொல்ல வேண்டியதில்லை. அந்நிலையில் எண்ணெய் நீர்த்து, பிஸ்டன் விரிந்து, உருளையிற் பிடித்துக்கொள்ளும். ஆதலின் எஞ்சினைப் பெட்டிக்கு அடியில் மறைத்து வைத்தலாகாது. சக்டா வண்டியிற் போல, ஓட்டுபவருக்கு முன்னே திறந்த காற்றில் இருக்கச் செய்வதே நல்லது. ஸ்கூட்டர் எஞ்சின்கள் உடற்றகட்டினுள் மறைந்திருப்பதனாலேயே, பிளைவீலில் விசிறி அமைத்து, தகரக் கூட்டின் வழியே காற்றைத் தகடுகளின்மேல் செலுத்தும்படி செய்யப்பட்டன. மின்விசிறி வைக்க விரும்புவோர், சிறு வண்டியின் மின்சார உற்பத்தி அதற்கு ஈடுகொடுக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெயும் இவ்வகை எஞ்சின்களில் ஒரு லிட்டர் அளவே பிடிக்கும்; அதுவே எஞ்சின், கியர், கிளச்சு மூன்றுக்கும் பொது. உற்பத்தியாளர் சொன்ன தூரத்தில் பாதியிலேயே அதனை மாற்றிவிடுதல் வேண்டும்.

உண்மையை ஒளிக்காமற் சொன்னால், கழித்த ஆட்டோ ரிக்ஷாவின் எஞ்சின் கிடைக்குமாயின் எந்த மோட்டார் ஸைக்கிள் எஞ்சினும் அதற்கு நிகராகாது. விசிறி, பின்னோக்கிச் செல்லும் கியர், திருப்பத்தில் இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிபரன்ஷியல் ஆகிய மூன்றும் அதனுடன் வருகின்றன. மோட்டார் ஸைக்கிள் எஞ்சினில் பின்னோக்கும் கியர் கிடையாது; வரப்பில் முட்டிய வண்டியை இறங்கித் தள்ள வேண்டியதுதான். டிபரன்ஷியல் இல்லாமல் இரு சக்கரங்களையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால், திருப்பத்தில் முன்சக்கரம் வளையாமல் நேரே வழுக்கிக்கொண்டு போகும். ஒரு சக்கரத்தை மட்டும் ஓட்டினால் சேற்றில் அது வீணே சுழலும்.

எஞ்சின் எதுவாயினும் பிரேக்கை மறத்தலாகாது. 100 சி.சி. மோட்டார் ஸைக்கிளின் பிரேக்கு, வண்டியும் இருவரும் சேர்ந்த 260 கிலோ அளவுக்குச் செய்யப்பட்டது. இங்கே நிறுத்த வேண்டியது 800 கிலோ. வேகம் இரு மடங்கானால் நிறுத்தும் வேலை நான்கு மடங்காகும். பின்சக்கரம் இரண்டிலும் ஆட்டோ ரிக்ஷாவின் பிரேக்குகளைப் பூட்டாமல் சுமை ஏற்றக்கூடாது. சுமையைப் பெட்டிக்கு மேல் அடுக்குவதும் வேண்டாம். முன்னால் ஒற்றைச் சக்கரமுள்ள வண்டி திருப்பத்தில் எளிதில் கவிழும். கூலியாட்களை, முக்கியமாகப் பிள்ளைகளை, மூட்டைகளின்மேல் உட்கார வைப்பதை எஜமானர்கள் கண்டிப்பாய் நிறுத்த வேண்டும்.

பழைய எஞ்சின் வாங்குபவர், அதன்மேல் வெட்டிய எண்ணையும் பதிவுப் புத்தகத்திலுள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சுரண்டிய எண்ணுள்ள எஞ்சின் எவ்வளவு மலிவாயினும் தொடத் தக்கதன்று. எஞ்சின் ஆறியிருக்கும்பொழுதே சென்று, கிளப்பும் மிதியைக் கையால் அழுத்திப் பார்த்தால் உள்ளே காற்று எதிர்த்து நிற்பது தெரியும். தடையின்றி இறங்குமானால் வால்வோ பிஸ்டன் வளையமோ தேய்ந்திருக்கிறது. நால்வீச்சு எஞ்சினில் நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும்.

வண்டி முடிந்ததும் முதல் நாளே முழுச் சுமை ஏற்றாமல், பாதிச் சுமையோடு மண் பாதையிலும் வாய்க்காற் கரையிலும் அரை மணி நேரம் முதற் கியரிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். பின் எஞ்சினை நிறுத்தி, கிளச்சின் பக்கம் கருகிய நாற்றம் வருகிறதா, எண்ணெய் கசிகிறதா, சங்கிலி தொய்ந்ததா என்று சோதித்து, ஆறினபின் எண்ணெயின் அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். மறுநாள் முக்காற் சுமையோடு அதே பாதையில் அதே நேரம் ஓட்டி, முந்தின நாட் குறிப்போடு ஒத்துப் பார்க்கலாம்.