மின்னூலும் உடைமையும்

விலை கொடுத்துப் பெற்ற நூல் நமதாகும் என்பது உலக வழக்கு. இவ்வழக்கு மின்னூலுக்கும் பொருந்துமோ என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

2009ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமேசான் நிறுவனம், உரிமையில்லாதார் விற்பனைக்கு வைத்தவை என்று கண்டு, ஜார்ஜ் ஆர்வெல் இயற்றிய நூல்கள் இரண்டனை, வாங்கியோரின் கிண்டில் கருவிகளினின்றும் தொலைவிலிருந்தே நீக்கிற்று. விலை மீண்டது, ஆயின் அவற்றுள் ஒன்றைப் பாடமாகப் பயின்ற அமெரிக்க மாணவர் ஒருவரின் குறிப்புக்கள், நூலை இழந்தமையாற் பயனற்றுப் போயின. 2019இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடியபோதும் விற்ற நூல்கள் மறைந்தன. இத்தகைய கடைகளில் நாம் பெறுவது படிக்கும் இசைவேயன்றி உடைமையன்று.

அச்சு நூலின் இயல்பு வேறு. மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் மதுரைக்கு நாடோறும் பேருந்தேறி வரும் எளிய மாணவர் பலர், மூத்தோர் பயின்ற நூலைப் பெற்றே கற்கின்றனர். பூட்டிய மின்னூலை அங்ஙனம் கைம்மாற்றுதல் இயலாது. ஏடுகள் பல ஊர்களிற் பலர் இல்லங்களில் தங்கியிருந்தமையாலன்றோ உ. வே. சாமிநாதையர் அவற்றை ஒப்பிட்டு 1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றினார்? அவை ஒருவர் பேழையில் மட்டும் பூட்டிக் கிடந்திருப்பின் என்னாகியிருக்கும்?

குற்றம் மின்வடிவில் இல்லை, பூட்டில் உள்ளது. 1998இல் தோன்றிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் விலையின்றி வழங்குகின்றது. அவற்றை நாம் படியெடுத்துப் பிறர்க்கும் அளிக்கலாம். ஆதலின், மின்னூல் வாங்குமுன் இரண்டு வினாக்களை எழுப்புவோம்: கடை மூடினும் இந்நூல் நம்மிடம் நிற்குமோ? நமக்குப்பின் பயில வரும் தம்பி தங்கையர்க்கு இதனை ஈயலாகுமோ? இரண்டற்கும் விடை இல்லையெனின், நாம் கொடுப்பது விலையன்று, வாடகையே என்று அறிந்து கொடுப்போமாக.